வூட்டினை

எட்டாம் வகுப்பில் படித்தபோது, மாவட்ட அளவிலான பேச்சுப்போட்டி ஒன்றில், "நாடும் வூடும் நமதிரு கண்கள்" என்று தொடங்கினேன். நடுவர் மேசையில் இருந்த மூவருள் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அரங்கம் எதற்குச் சிரித்தது என்று தெரியாமலேயே ஐந்து நிமிடமும் முழங்கிவிட்டு இறங்கினேன். கீழே வந்ததும் வேறொரு பள்ளி மாணவி என் காதருகே, "வீடுன்னு சொல்லணும்" என்றாள். இண்டூரை அடுத்த எங்கள் ஊரில் வீடு என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதும்போது ஒன்றாகவும் பேசும்போது வேறொன்றாகவும் அது இருக்கிறது என்பதையே அன்றுதான் கவனித்தேன். அன்றே அந்தச் சொல்லை விட்டு வெளியேறினேன்.

வெளியேறுவது எளிதாக இல்லை. மரவள்ளித் தோட்டத்து வரப்பில் நின்று நாள்தோறும் வீடு, வீடு என்று சொல்லிப் பழகினேன். மூச்சை எங்கே விடுவது, கையை எப்போது உயர்த்துவது, எச்சரிக்கை மணி அடித்த பின் எஞ்சிய ஒரு நிமிடத்திற்குள் வாதத்தை எவ்வாறு முடித்துக் கட்டுவது என்பதையெல்லாம் ஒவ்வொரு போட்டியிலும் தோற்றுத் தோற்றுக் கற்றேன். அம்மாவிடமும் மேடைத் தமிழிலேயே பேசினேன். "சோறு துன்றியா பாப்பா?" என்று அவர் கேட்டால், "இப்போது பசி இல்லை அம்மா" என்பேன். கல்லூரி முடிவதற்குள் அலமாரியில் இடம் போதாமல், என் கேடயங்களில் இரண்டை அம்மா கேழ்வரகு மூட்டையின்மேல் வைத்திருந்தார். அடக்கம் கருதி இதை மறைப்பானேன்? இந்த மாவட்டத்தில் என் வயதுடையோருள், என்னைப் போல் வாக்கியம் கட்டக்கூடிய ஒருவரை நான் மேடையில் சந்தித்ததில்லை.

நான் வேண்டியது ஓர் இருக்கை. பட்டிமன்றத்தில் அணிக்கு மூவர். தலைவர் முதலில் எழுந்து வாதத்திற்கு அடித்தளம் இடுவார். மூன்றாமவரை, கேட்போர் களைத்துப்போன நேரத்தில், சிரிப்பூட்டுவதற்காக இறக்குவார்கள். அவருக்குக் கைத்தட்டல் மிகுதி. ஆனால் நடுவர் தீர்ப்புரைக்கும்போது மேற்கோள் காட்டுவது தலைவரின் சொற்களையே. அந்தத் தலைவர் இருக்கையில் அமர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு விருப்பம் இருந்ததில்லை.

மேடைகள் ஆண்டுக்கு ஆறேழுதான் கிடைத்தன. எனவே தருமபுரி நகரில் இருந்த ஒரு சிறிய பண்பலை வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். மாடியில் இரண்டு அறைகள். உள்ளறையின் சுவர்களில் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தார்கள். சன்னல் கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும். அந்தப் புழுக்கத்தில் அமர்ந்து வானிலையையும் காய்கறி விலையையும் பொது அறிவிப்புகளையும் வாசித்தேன். ஐந்து மாதங்களில் என் வாசிப்பைக் குறித்து ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதுவும் தவறான எண்.

விழாக் காலம் ஒன்றின் காலையில், நேரலைக்குச் சற்று முன்பு, அம்மா அழைத்தார்.

"பாப்பா, நான் வூட்டப் பூட்டிக்கினு மொரப்பூர் வரைக்கும் போறன். சாவிய மாட்டுக்கொட்டாயில ஆணில மாட்டிருக்கறன். வூட்டப் பூட்டறப்ப அந்தத் தாப்பா மறுபடியும் மாட்டல, வந்ததும் பாரு. வூட்டு லைட்ட அணைச்சனா இல்லியான்னு தெரியல."

"சரி அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கையில் இருந்தது காவல்துறையின் அறிவிப்பு. மூச்சை நிரப்பிக்கொண்டு, கம்பீரமாக வாசித்தேன்: "விழா நாள்களை முன்னிட்டு வெளியூர் செல்லும் பொதுமக்கள், தத்தம் வூட்டினைப் பூட்டி, அண்டை அயலாரிடம் தெரிவித்துச் செல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

சொன்னபோது எனக்குத் தெரியவில்லை. இரு அறைகளுக்கும் இடையே இருந்த கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் மேசைமேல் கவிழ்ந்து குலுங்கியபோதுதான் தெரிந்தது. வூடு என்று மட்டும் சொல்லியிருந்தால் பேச்சு வழக்கு என்று விட்டிருப்பார்கள். வீட்டினை என்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் வூட்டுக்கு இலக்கணத்தின் 'இனை'யைப் பூட்டி, வேட்டி கட்டிய கன்றுக்குட்டியைப் போல் நான் ஊர்வலம் விட்டிருந்தேன். தொலைபேசி மணி அன்று நண்பகல் வரை ஓயவில்லை.

நிலையப் பொறுப்பாளர் என்னை அழைத்தார். வேலை போயிற்று என்றே எண்ணினேன்.

"உக்காருங்க. உங்க தமிழு ரொம்ப நல்ல தமிழுங்க. அஞ்சு மாசமா ஒருத்தரும் கேக்கல" என்றார். "இன்னிக்கி ஒரு வார்த்த சொன்னீங்க பாருங்க, மலை மேல இருந்தெல்லாம் போன் பண்றாங்க. நாளைலருந்து இதுதான் உங்க நிகழ்ச்சி."

"எது ஐயா?"

"வூட்டினை."

"அது பிழை ஐயா. பிழையை எவ்வாறு நாள்தோறும் செய்வது?"

"பழகிருமுங்க" என்றார் அவர்.

பழகிவிட்டது. காலையில் ஒரு மணி நேரம். நேயர்கள் அழைத்துத் தம் வீட்டில் நடந்த ஒன்றைத் தம் பேச்சிலேயே சொல்ல வேண்டும். நான் அதை உடனே செந்தமிழாக்கித் தர வேண்டும். அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் விட்டுவிட வேண்டும். நல்லம்பள்ளியிலிருந்து ஒரு பெண்மணி அழைப்பார்: "எங்க வூட்டுக்காரரு தக்காளி வாங்கியாறன்னு போயி டீக்கடைல குந்திக்கினு இருக்காருக்கா. மாத்திச் சொல்லுங்க." நான் சொல்வேன்: "கொழுநனார், தக்காளியினை நாடிப் புறப்பட்டு, தேநீர்க்கடையின்கண் குந்திக்கினு இருந்தனர்." வாக்கியம் முழுவதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு சொல் மட்டும் குந்த வேண்டும். எந்தச் சொல்லைக் குந்தவைப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. முதலிலேயே வைத்தால் சிரிப்பு வராது. இரண்டு வைத்தால் கோமாளித்தனமாகிவிடும். கேட்பவர் இதோ வருகிறது, இதோ வருகிறது என்று காத்திருந்து, வராது என்று எண்ணும் நொடியில் வைக்க வேண்டும். இதையும் என்னைப் போல் செய்பவர் எவரும் இல்லை. அந்தப் பெருமையை மறுத்தால் பொய் சொன்னவளாவேன்.

என் முதல் பிழையின் ஒலிப்பதிவையே நிகழ்ச்சியின் முகப்பு இசையோடு சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு காலையும் தவில் ஓசைக்கு நடுவே என் குரல் "தத்தம் வூட்டினைப் பூட்டி" என்று ஒலிக்கும். சன்னலில்லாத அறையில் அமர்ந்து, நானும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வணக்கம் சொல்ல வேண்டும்.

பிறகு மேடைகள் வந்தன. நான் கேட்டபோது வராதவை அவை. கல்லூரி விழாக்கள், கோயில் திருவிழாக்கள், திருமண வரவேற்புகள். நாற்காலி இல்லை, எதிரணி இல்லை, எச்சரிக்கை மணியும் இல்லை. தனியாக நின்று அரைமணி நேரம் சிரிக்க வைக்க வேண்டும். ஒலிவாங்கியைத் தொட்டதும் பின்வரிசையிலிருந்து "வூட்டினை! வூட்டினை!" என்று குரல் எழும். சொல்லும் வரை நிற்காது. சொன்ன பிறகு வேறு எதையும் கேட்க மாட்டார்கள். மூன்று ஆண்டுகளில் நான் எழுதிவைத்த எத்தனையோ நல்ல பகுதிகள் அந்தக் கூச்சலுக்கு அப்பால் போனதே இல்லை.

"உன் தமிழு உன்ன எங்கியோ கொண்டுபோவும்னு பாத்தன்" என்றார் அம்மா ஒருநாள், சாமந்தி தொடுத்துக்கொண்டே. "என் தமிழுதான் உன்ன ஊரு ஊரா கூட்டிக்கினு போவுது. எனக்கு என்னா குடுக்கப் போற?"

"தங்கள் தமிழைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா."

"பாரு, இதுக்கும் எனக்கு சிரிப்பு வருது" என்றார்.

அதுதான் என்னை அச்சுறுத்தியது. நான் வூடு என்று சொல்வதற்காக மட்டும் அவர்கள் சிரிக்கவில்லை. நான் திருத்தமாகப் பேசத் தொடங்கினாலே, ஒரு சொல் குந்தப்போகிறது என்று முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கினார்கள். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டேன், கடைக்காரர் சிரித்தார். பேருந்தில் நடத்துநரிடம் சில்லறை கேட்டேன், மூன்று இருக்கைகள் சிரித்தன. பெரியப்பா இறந்தபோது செய்தி கேட்டு ஓடினேன். பெண்கள் நடுவில் தலைவிரி கோலமாக அமர்ந்திருந்த பெரியம்மாவின் கைகளைப் பற்றி, "பெரியம்மா, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்றேன். சுற்றியிருந்தவர்களில் இருவர் முந்தானையால் வாயைப் பொத்தினர். பெரியம்மா என்னை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, மிக மெதுவாகச் சொன்னார்:

"நீ பேசாத பாப்பா. எனக்கு சிரிப்பு வந்துரும். இந்த நேரத்துல சிரிச்சா ஊரு என்னா சொல்லும்? அவருகூட காலைல உன்னக் கேட்டுக்கினேதான் பல்லு வெளக்குவாரு."

அன்று மாலை வரை நான் வாய் திறக்கவில்லை. பேச்சையே தொழிலாகக் கொண்டவள், பெரியப்பாவுக்காக ஒரு சொல்லும் சொல்ல முடியாமல், காபித் தம்ளர்களைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்நிலையில்தான், கல்லூரி நாள்களில் என்னைப் பல போட்டிகளில் மதிப்பிட்ட பட்டிமன்ற நடுவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பொங்கல் விடுமுறையில் மொரப்பூரில் பட்டிமன்றம். தலைப்பு, இன்று உழவர் குடும்பத்தைத் தாங்கி நிற்பது நிலமா, வெளியூர் வேலையா என்பது. நிலத்தின் அணிக்கு நான் பேச வேண்டும்.

"மூன்றாவதாகவா ஐயா?"

"தலைவரும்மா. தலைவராத்தான் போட்டிருக்கறோம்."

தலைவர் என்று கையில் இருந்த தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "ஐயா, ஒரு வேண்டுகோள். அந்தச் சொல்லை நான் சொல்ல மாட்டேன்."

"எந்தச் சொல்லு?"

"தாங்கள் அறிவீர்கள்."

அவர் சிரித்தார். "வேணாம்மா. தலைவருக்கு எதுக்கு அதெல்லாம்? நீங்க உங்க பேச்ச பேசுங்க."

மூன்று வாரங்கள் தலைவருக்கு ஒதுக்கிய பதினைந்து நிமிடங்களுக்காகவே வாழ்ந்தேன். எங்கள் தெருவில் நான்கு வீடுகள் பூட்டிக் கிடந்தன. குடும்பங்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டன. தினமும் அவ்வழியே நடந்த நான், முதன்முறையாக ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்தேன். ஒரு வாசலில் பீர்க்கங்கொடி படர்ந்து தாழ்ப்பாளைச் சுற்றியிருந்தது. அதில் காய்த்த காய்கள் பறிக்க ஆளில்லாமல் முற்றிக் கூடாகத் தொங்கின. இன்னொரு கதவிடுக்கில் ஒரு திருமண அழைப்பிதழ் செருகியிருந்தது. மணமக்களுக்கு இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும். பூட்டிப் போனவர்கள் நிலத்தை விற்கவில்லை. நால்வருமே விற்கவில்லை. அதுதான் என் வாதம். வேலை அவர்களைக் கொண்டுபோயிற்று, ஆனால் திரும்பி வருவதற்கான இடமாக நிலமே அவர்களைத் தாங்குகிறது. சிரிப்புக்கு அதில் ஓர் இடமும் வைக்கவில்லை. எழுதி, வெட்டி, வரப்பில் நின்று பழைய நாள்களைப் போலவே உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

மொரப்பூரில் தொடர்வண்டி நிலையத்திற்கு அருகே இருந்த திருமண மண்டபம். பிற்பகல் மூன்று மணி. நுழைவாயிலில் பதாகை கட்டியிருந்தார்கள். நடுவரும் மற்றவர்களும் துண்டு போட்ட தோளோடு இருந்தனர். நான் மட்டும் காதுக்கருவி மாட்டிய வானொலிப் படத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே 'வூட்டினை புகழ்' என்று கொட்டை எழுத்து. தலைவர் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள், போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எழுந்தேன். "நடுவர் அவர்களே, அறிவார்ந்த அவையோரே" என்றேன். சிரித்தார்கள். பொறுத்தேன். இரண்டாம் வாக்கியத்திற்கும் சிரித்தார்கள். மூன்றாவதற்குச் சற்றுக் குறைந்தது. பீர்க்கங்கொடிக்கு வந்தபோது மண்டபம் அமைதியானது. எனக்கு அந்த அமைதி நன்கு தெரியும், நாற்காலிகள் கிறீச்சிடாத அமைதி. மூன்று ஆண்டுகளாக அதை இழந்திருந்தேன். அழைப்பிதழைச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு முதியவர் தலையை மெல்ல ஆட்டினார். குரலைத் தாழ்த்தினேன். வாதத்தின் உச்சி வாக்கியத்திற்கு வந்தேன்.

"ஐயா, அவர்கள் திரும்பி வருவார்கள். ஏனெனில் அங்கே அவர்களுக்கு இருப்பது வாடகைக்கு எடுத்த ஓர் அறை. இங்கே இருப்பதுதான் அவர்களுடைய..."

ரயில் வந்துவிட்டது.

மொரப்பூரில் பேசுவோர் அனைவரும் காக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. ரயில் வந்தால் வாக்கியத்தை அப்படியே நிறுத்திக்கொண்டு, அது கடந்த பின் விட்ட சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். நடுவர் கையை உயர்த்தி, போகட்டும் என்று சைகை செய்தார். அது சரக்கு ரயில். பெட்டிகள் முடிவதாக இல்லை. சொல்ல வேண்டிய ஒரே ஒரு சொல்லை நாவில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் நிற்க நிற்க, எதிரே முகங்கள் மாறுவதைக் கண்டேன். ஒருவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். உதடுகள் விரிந்தன. அடுத்த சொல் எது என்று அவர்கள் அனைவருக்கும் தெரிந்துவிட்டது. எந்தச் சொல்லுக்கு எந்த நொடி வரை காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு மூன்று ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்தவள் நானே.

ரயில் கடந்தது.

"வீடு" என்றேன்.

எவரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், உண்மையாகவே உதவ விரும்பிய குரல், எழுந்தது: "அக்கா, தப்பா சொல்லிட்டீங்க!"

"வூடுக்கா! வூடு!" என்றது இன்னொன்று.

"மறந்துட்டாங்கடா!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. எட்டாம் வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். இது அன்பான சிரிப்பு. அதனால்தான் எதிர்த்து நிற்க முடியவில்லை. எச்சரிக்கை மணி அடித்தது. இன்னும் ஒரு நிமிடம். எனக்கு மூன்று வாக்கியங்கள் மீதமிருந்தன. "வூட்டினை! வூட்டினை!" என்று கைதட்டித் தாளம் போடத் தொடங்கினார்கள். நடுவர் தம் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"சனங்க கேக்கறாங்கம்மா. குடுத்துருங்க."

மீதமுள்ள நொடிகளை எண்ணிப் பார்த்தேன். அவர்களை அமைதிப்படுத்தி, மூன்று வாக்கியங்களையும் சொல்லி முடிக்க அவை போதா. பயிற்சி பெற்ற பேச்சாளர் எவருக்கும் அது தெரியும்.

"வூட்டினை" என்றேன்.

இறுதி மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு கைத்தட்டல். மற்ற ஐவரும் பேசி முடித்ததும், நிலமே என்று தீர்ப்பு வந்தது. "நம்ம அணித்தலைவரு ஒரே வார்த்தையில ஜெயிச்சுட்டாங்க" என்றார் நடுவர். அவர் மேற்கோள் காட்டிய ஒரே சொல்லும் அதுதான். பொன்னாடை போர்த்தினார்கள்.

பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது, கைப்பேசியுடன் ஒரு பெண் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். தற்படத்திற்கு என்று எண்ணிச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டேன்.

"நீங்க சொன்ன பீர்க்கங்கொடி இருக்குதே, இனிமே அது எங்க வூட்டுக் கதைதாங்க" என்றார்.

"கேட்டீர்களா?"

"ரயிலு வர்ற வரைக்கும் கேட்டுக்கினுதான இருந்தன்." கண்களைத் துடைத்துக்கொண்டார். அவர் கணவர் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. ஓராண்டாகத் தனியே இருக்கிறார். இப்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழம கெளம்பறோமுங்க. போவேணாம்னுதான் நானும் பாத்தன். நீங்க பேசறப்ப போவக்கூடாதுன்னே தோணுச்சி. ஆனா ஆவாதுங்க."

என் வாதம், அது சேர வேண்டிய ஒருவரைச் சேர்ந்திருந்தது.

"ஒரு வாய்ஸ் அனுப்பித் தரணுங்க" என்று கைப்பேசியை நீட்டினார். "காலைல பாட்டு மாதிரி வருமே, வூட்டினைப் பூட்டின்னு. அத போன்ல கேட்டுக்கினுதான் அவரு டூட்டிக்குப் போவாரு. 'வூட்டினைப் பூட்டியாயிற்று'ன்னு நீங்க சொல்லுங்க. நாங்க வர்றது உறுதின்னு தெரிஞ்சிக்குவாரு."

கைப்பேசியை வாங்கினேன். மேடையில் சொல்ல முடியாமற்போன மூன்று வாக்கியங்களின் கனத்தையும் அதில் வைத்து, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாகச் சொன்னேன்: "வூட்டினைப் பூட்டியாயிற்று."

அவர் திரும்பப் போட்டுக் கேட்டார். முகம் சுருங்கியது.

"இப்படி இல்லீங்க. சாவு சேதி மாதிரி இருக்குது. ரேடியோல சொல்வீங்களே, அப்படி."

பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன். மூச்சை நிரப்பினேன். "இதனால் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில்" என்று குரலை உயர ஏற்றி நிறுத்தினேன். வரும், வரும் என்று அவர் காத்திருந்தார். வராது என்று அவர் எண்ணும் நொடி வரை காத்திருந்து, 'வூட்டினை'யைக் குந்தவைத்தேன். அவர் சிரித்தார். கண்ணீர் காயாத முகத்தோடு நன்றாகவே சிரித்தார். அனுப்பினார்.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஏன் நின்றார் என்பது தெரியும். நான் ஏன் நின்றேன் என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சற்று நேரத்தில் பதில் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மூன்று மஞ்சள் முகங்கள். அவற்றுக்குக் கீழே ஒரு வரி.

சாவிய யாருகிட்ட குடுக்கப் போற?